கதைக்கும் ஒரு மண்டகப்படி

மாசி பிறந்துவிட்டால் திண்டுக்கல் கடைவீதிச் சுவர்களில் கோட்டை மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் ஏறிவிடும். பூச்சொரிதல், கொடியேற்றம், பூக்குழி, தசாவதாரம் என்று நாள்வாரியாக நிகழ்ச்சிகள். கூடவே மண்டகப்படி யாருடையது என்ற விவரம். ஒரு நாள் ஒரு சமூகத்தார், மறுநாள் வியாபாரிகள், இன்னொரு நாள் ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள். மொத்தச் செலவும் ஒருவர் தலையில் விழாமல், நாள்கணக்கில் பிரித்து ஆளுக்கொன்றாக ஏற்கும் ஏற்பாடு இது. இந்த ஊரை அறிமுகப்படுத்த மலைக்கோட்டையில் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு இந்த நோட்டீஸில் தொடங்கத் தோன்றுகிறது. ஒரு பொதுக்காரியத்துக்குப் பணம் எப்படித் திரட்டுவது என்று திண்டுக்கல்லுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிறுமலைக்கும் பழநி மலைக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியில் இருக்கும் ஊர் இது. பெரிய ஆறு கிடையாது. குடகனாறு மழைக்குத்தான் ஓடும். அதனால் இந்த ஊர் வயலைவிடப் பட்டறையை நம்பியே வளர்ந்தது. பூட்டு, புகையிலை, தோல், நாகல் நகர் சௌராஷ்டிரர்களின் தறி, சின்னாளபட்டிச் சுங்குடி, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டையில் பூச்சந்தை. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை அவருடைய தலைப்பாகையால் பெயர் பெற்று இன்று கடல் கடந்துவிட்டது. ஊரின் நடுவே நிற்கும் பாறைமேல் 1605இல் நாயக்கர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டையை, பிறகு ஹைதர் அலியும் திப்புவும் ஆண்டார்கள். கடைசியில் கம்பெனிக்காரர்கள் கையில் போனது. அந்தக் கம்பெனியை எதிர்த்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். சொல்லத் தொடங்கினால் விடியும்வரை சொல்லலாம்.

விடியும்வரை சொல்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஸ்பெஷல் நாடகம் இன்னும் உயிரோடு இருக்கும் வட்டாரங்களில் திண்டுக்கல் ஒன்று. நாடக நடிகர்களுக்கு இங்கே சங்கமே உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த 'வள்ளி திருமணம்'தான் பெரும்பாலும் நடக்கும். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும், பபூன் வேறொரு ஊரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, இரவு பத்து மணிவாக்கில் மேடையில்தான் ஒன்றுசேர்வார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்ததும் கதை தானாக நகரும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது, நடுச்சாமத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

இதற்குப் பணம்? ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டு வரி போடுவார்கள். மீதிக்கு உபயதாரர்கள். நடிகர்களின் படங்களோடு அவர்கள் பெயரும் நோட்டீஸில் வரும். நாடகத்தின் நடுவே மைக்கில் அன்பளிப்பு வாசிப்பார்கள். அதிகம் கொடுத்தவர் பெயரும், நூற்றொரு ரூபாய் கொடுத்தவர் பெயரும் ஒரே குரலில் வரும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பணம் கொடுத்தார் என்பதற்காக வள்ளியின் கதையை யாரும் மாற்றச் சொல்வதில்லை. பெயர் நோட்டீஸோடு நின்றுவிடும், கதை கலைஞருடையது. ஊர் தானாகக் கடைப்பிடித்துவரும் இந்த ஒழுங்கை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அங்குவிலாஸ் பள்ளி, எம்.எஸ்.பி. சோலை நாடார் நினைவுப் பள்ளி, ஜி.டி.என். கல்லூரி, எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி என்று கல்விக்கூடங்களின் பெயர்ப்பலகைகளிலேயே தொழில் குடும்பங்களின் பெயர் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இலிருந்து தமிழகமெங்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கடிகாரம், கட்டடம், பகலுணவு என்று ஊரார் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அதன் இன்றைய வடிவம். ஆனால் அன்றும் இன்றும் கொடுப்பவர்கள் கண்ணில் படுகிற பொருளையே கொடுக்கிறார்கள். கட்டடத்தில் கல்வெட்டு வைக்கலாம்; மின்விசிறியில் பெயர் எழுதலாம். ஒரு பிள்ளை கேட்ட கதையில் எங்கே பெயர் எழுதுவது?

புத்தகத்துக்கு ஊர் ஒரு வழி கண்டுவிட்டது. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து திண்டுக்கல் இலக்கியக் களம் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு மாணவர்கள் பகலில் திரளாக வருகிறார்கள். மாலையில் பேச்சாளர்களைக் கேட்கக் குடும்பங்கள் வருகின்றன. நல்ல காரியம். ஆனால் அந்தப் பந்தலில் உலகக் கதையெல்லாம் கிடைக்கிறது. நாகல் நகர்ப் பூட்டுப் பட்டறையின் கதை கிடைப்பதில்லை.

அந்தப் பட்டறையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மாங்காய்ப் பூட்டின் வயிற்றுக்குள் லீவர் பட்டைகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, சாவியின் பல்லில் உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்து, மறுபடி எடுத்து ராவுவார்கள். கையால் ராவுவதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டும் இவர்கள் கைவேலைதான். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அலிகாரிலிருந்து வரும் மலிவுப் பூட்டோடு போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. குறியீடு பெயரைத்தான் காக்கும். வாங்குகிறவரையும் கற்றுக்கொள்கிறவரையும் உண்டாக்காது. பக்கத்துத் தெருவில் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமலே ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர் போனால், அந்தத் தொழிலை அது எப்படித் தேடி வரும்?

நான் கேட்பது இதுதான். கோயிலுக்கு எடுப்பதுபோல, பள்ளியில் கதை சொல்லவும் தொழிலுக்கு ஒரு மண்டகப்படி எடுக்கட்டும். பூட்டுக்கு ஒரு நாள், சுங்குடிக்கு ஒரு நாள், சிறுமலை வாழைக்கு ஒரு நாள், பூச்சந்தைக்கு ஒரு நாள். சொல்லத் தெரிந்த நாடகக் கலைஞரும் செய்யத் தெரிந்த தொழிலாளியும் சேர்ந்து பள்ளிக்குப் போகட்டும். நாகல் நகரில் சௌராஷ்டிர மொழியிலும் ஒரு கதை கேட்கட்டும். இது ஆகாத காரியமல்ல. 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' முதலில் 12 மாவட்டங்களில் தொடங்கியபோது திண்டுக்கல்லும் அவற்றில் ஒன்று. அப்போது கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் பாடியும் நடித்தும்தான் தாய்மார்களிடம் திட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பணம் வரும் வழியில் கவனம் வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ஒரு கம்பெனி ஐந்து கோடி ரூபாய் லாபம் பார்த்தாலோ, விற்றுவரவிலோ சொத்து மதிப்பிலோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலோ, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கல்வியும் மரபுக் கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பெரிய ஆலைகளிடம் அதைக் கேட்கலாம். ஆனால் ரத வீதிக் கடைக்காரர் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் ஐந்நூறு ரூபாய்தான் இதைத் தாங்கும் என்று நம்புகிறேன். கம்பெனி அதிகாரி மாறினால் திட்டம் மாறிவிடும். கடைக்காரரின் பிள்ளை அதே பள்ளியில்தான் படிக்கிறது.

பணம் கொடுத்தவருக்காகக் கதையை வளைக்கக் கூடாது. தோல் மண்டகப்படி வருகிறதென்றால், கழிவுநீர் நிலத்தடிக்குப் போய்க் கிணறுகள் கெட்ட கதையும் வர வேண்டும். தோல் கழிவு பற்றிய வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது பெயர் சொன்ன மாவட்டங்களில் திண்டுக்கல்லும் இருந்தது. புகையிலை இந்த ஊருக்குச் சோறு போட்டது உண்மை, பள்ளிகளையும் கட்டியது. ஆனால் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலைப் பொருளுக்கு விளம்பரத்தையும் ஆதரவு நிதியையும் தடுக்கிறது. பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்கவும் கூடாது என்கிறது. ஆகவே புகையிலையின் கதையைச் சொல்லலாம். அந்த நாளின் செலவை வேறொருவர் ஏற்க வேண்டும்.

கலைஞருக்குச் சம்பளம் கொடுக்காமல் இதை நடத்தக் கூடாது. நாடகத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துத்தான் தேதி வாங்குகிறோம்; பள்ளி என்றதும் சால்வையோடு அனுப்பிவிடுகிறோம். பட்டறைக்காரரும் ஒரு நாள் வேலையை விட்டுத்தான் வருகிறார். அவருக்கு அன்றைய கூலி, பஸ் செலவு, சாப்பாடு. மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கக் கொண்டுவரும் பூட்டுகளை விலைக்கே வாங்கிப் பள்ளியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாட்காட்டியும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. நாடக சீசன் மாசி, பங்குனியில் ஏறி ஆடியோடு இறங்கிவிடும். ஆவணி முதல் மார்கழி வரை புக்கிங் குறைந்து கலைஞர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் மாதங்களில்தான் பள்ளிகள் முழுமூச்சாக நடக்கின்றன. வரும் ஆவணியில் முதல் மண்டகப்படியைப் பூட்டுக்காரர்களிடமே கொடுக்கலாம். செலவை அன்றைக்கு மற்ற கடைக்காரர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். பூட்டுக்காரர்கள் நிலைமை இப்போது அப்படி.