வரைபடத்தில் இல்லாத ஊர்

வாஷியில் மூன்றாவது மாடி வீடு. மாலை நேரங்களில் பால்கனியில் உட்கார்ந்திருக்கும் 75 வயதுப் பெரியவரை அக்கம்பக்கத்தில் நெய்வேலிக்காரர் என்பார்கள். அவர் மறுப்பதில்லை. ஆனால் அவர் பிறந்த கிராமம் நெய்வேலி அல்ல. அது இன்று சுரங்கப் பள்ளம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. 1956ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தபோது இவருக்கு ஏழு வயது. 1961ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962ல் மின்சாரம்.

முந்திரித் தோப்பும் மானாவாரிக் கொல்லையுமாக இருந்த பூமியில் நகரியம் எழுந்தது. அகலமான சாலைகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. கொல்லையைக் கொடுத்த அப்பா கூலிக்குப் போனார். நஷ்டஈட்டுப் பணம் அக்காவின் கல்யாணத்தோடு தீர்ந்தது. ஆனால் மகன் படித்தார், ஃபிட்டர் வேலை கற்றார். அதுதான் அவரைத் தாணே-பேலாப்பூர் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்தது. "சுரங்கம் வராமல் இருந்தால் நானும் முந்திரிதான் பொறுக்கியிருப்பேன்" என்கிறார். குரலில் நன்றியும் இருக்கிறது, வேறு ஏதோவும் இருக்கிறது.

அந்த வேறு ஏதோ என்னவென்று புரிந்தது வாஷியில்தான். வீடு வாங்கிய புதிதில், பக்கத்துக் கிராமத்து ஆக்ரி முதியவர் ஒருவர் கட்டடத்தைக் காட்டி, "இது எங்கள் வயல்" என்றார். நவி மும்பைக்காக 1970 முதல் 95 கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. 1984ல் ஜாசையில் போராடிய விவசாயிகள் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகே, எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை மனையாகத் திருப்பித் தரும் திட்டம் வந்தது.

அன்றிரவு பெரியவருக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் கொல்லைமேல் யாரோ வளர்ந்தார்கள். யாரோ ஒருவருடைய வயல்மேல் இவர் குடியிருக்கிறார்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கக் கால்வாய்க்காகப் பச்சை நெற்பயிரை இயந்திரங்கள் புரட்டிப் போட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பேரன் கேட்டான்: "தாத்தா, கரண்ட் வேணும்தானே?"

"வேணும்டா. ஆனா கொடுத்தவன் வீட்டுக் கணக்கை யாராவது எழுதி வைக்கணும்."

ரேஷன் கார்டு முதல் வங்கிப் படிவம் வரை, சொந்த ஊர் என்று கேட்ட இடத்தில் எல்லாம் அவர் பழைய கிராமத்தின் பெயரைத்தான் எழுதி வந்திருக்கிறார். பின்கோடு கேட்டால் மட்டும் நெய்வேலியுடையதைத் தருகிறார்.