அப்பாவின் இடது கையும் என் முதல் கியரும்

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் இந்த மூன்று நாள்களும் எங்கள் வீட்டில் டயாலிசிஸ் நாள்கள். சங்ககிரி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஈரோட்டுக்குக் காலையில் கிளம்ப வேண்டும். நான்கு மணி நேரம் மெஷினில் அப்பாவின் ரத்தம் சுத்தமாகி முடிந்ததும் திரும்ப வேண்டும். போகும்போது நடந்து போகிறவர், வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார். பஸ்ஸில் நிற்க வைத்து அழைத்துவர முடியாது.

டயாலிசிஸ் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. வாடகை காருக்கு நாங்கள்தான் கொடுக்க வேண்டும். போக, வர, காத்திருக்க என்று ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். மாதம் 13 நடை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 15,000 ரூபாயைத் தாண்டும். என் கணவருக்கு விசைத்தறியில் வேலை. ஒரு ஷிஃப்ட் விட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. அவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். தம்பி பெங்களூரில். அம்மாவுக்கு முழங்கால் வலி.

இத்தனைக்கும் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. அப்பா ஓய்வுபெற்ற வருடம் ஆசையாக வாங்கிய பழைய மாருதி ஆல்ட்டோ. அதை ஓட்ட வேண்டியவர்தான் பின் சீட்டில் படுத்துக்கொண்டு ஈரோடு போய்வருகிறார்.

அப்பா 34 வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. சங்ககிரி, நாமக்கல் என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. ஆனால் பிள்ளைகள் யாரும் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்று அப்பா வைராக்கியமாக இருந்தார். "ரோட்டுல நான் பாத்ததெல்லாம் என்னோட போகட்டும்" என்பார். அதனால் லாரிக்காரர் மகளான எனக்கு 42 வயது வரை கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது.

தம்பி போனில் சொன்னான். "அக்கா, இருக்கறதை வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாம். லோன் நான் கட்டறேன்." நல்ல யோசனைதான். 2014-ல் மாருதி செலரியோவில் ஏஎம்டி வந்த பிறகு, சின்ன கார்களிலேயே கிளட்ச் இல்லாத வண்டிகள் கிடைக்கின்றன. ஆனால் அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். இருக்கிற வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டால் யாருக்கும் கடன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் சொன்னேன், "நான் டிரைவிங் கத்துக்கறேன்" என்று. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு கிளட்ச் இருந்த கார்

எல்.எல்.ஆர் வாங்கினேன். அது ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். கார் பயிற்சி என்றால் குறைந்தது 21 நாள், அதில் கையில் வண்டியைப் பிடித்து ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி நேரம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. நான் சேர்ந்த பள்ளியில் ஒரே காரில் மூன்று பேர் ஏறுவோம். ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுவோம்.

முதல் நாளே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் வாரம் ரவுண்டானாவையே சுற்றி வந்தேன். "பரவாயில்லையே, சீக்கிரம் வந்துடுச்சே" என்றார் மாஸ்டர். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர் பக்கத்துலயும் கிளட்ச் இருக்குதா கண்ணு?"

இருந்தது. பயிற்சிக் கார்களில் மாஸ்டர் காலடியிலும் கிளட்ச், பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் அவர் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. எங்கள் காரில் பாதி நேரம் அவர் கால் அதில்தான் இருந்தது.

"அப்ப வண்டிய அவரு ஓட்டறாரு. நீ ஸ்டீரிங்கைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கறே" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குச் சாயங்காலம் நம்ம வண்டிய எடு. எல் போர்டு ஒட்டிக்க" என்றார்.

எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் தனியாக ஓட்டக்கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் அப்போது நடப்பில் இருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாள்களில் அவரும் கொஞ்சம் தெம்பாக இருப்பார்.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது

ஊருக்கு வெளியே மனைப்பிரிவு போட்டு, வீடு வராமல் கிடக்கும் தார் ரோடுகள். அங்கேதான் எங்கள் வகுப்பு. முதல் நாள் ஆக்ஸிலேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்ச்சை முழுதாக மிதித்து, முதல் கியர் போட்டு, காலை மெல்ல மெல்ல மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும். முன்பக்கம் லேசாகத் தூக்கும். அங்கே காலை நிறுத்த வேண்டும். வண்டி தானாக நகரும். மறுபடி மிதித்து நிறுத்த வேண்டும். இதையே நாற்பது முறை.

"எதுக்குப்பா இந்தக் கிளட்ச்?" என்று கேட்டேன்.

"இன்ஜின் எந்நேரமும் சுத்திட்டே இருக்கும். நின்னா செத்துரும். சக்கரம் நிக்குது. சுத்தறதையும் நிக்கறதையும் படக்குனு சேத்தா ரெண்டுல ஒண்ணு தோக்கோணும். ஓடற பஸ்ல ஏறறவன் என்ன பண்ணுவான்? கொஞ்ச தூரம் கூடவே ஓடிட்டுத்தானே ஏறுவான்? அந்தக் கூட ஓடறதுதான் ஹாஃப் கிளட்ச்."

யூடியூபில் பத்து வீடியோ பார்த்தும் புரியாதது இந்த ஒரு பேச்சில் புரிந்தது.

கியர் எதற்கு என்பதையும் அப்படித்தான் சொன்னார். சின்ன கார்களில் முதல் கியரில் இன்ஜின் ஏறக்குறைய 15 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் இல்லை, ஆனால் இழுவை அதிகம். ஐந்தாவதில் இன்ஜின் மூன்று நான்கு சுற்றுச் சுற்றினாலே சக்கரம் ஒரு சுற்று. வேகம் உண்டு, இழுவை இல்லை. மேட்டில் ஐந்தாவதில் போனால் வண்டி முக்கும். "மீட்டரைப் பாக்காத, காதக் குடு. முக்குனா ஒரு கியர் கொறை. கத்துனா ஒரு கியர் ஏத்து. அவ்வளவுதான் பாடம்."

அவர் காலத்து லாரிகளில் கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டுமாம். நியூட்ரலுக்கு வரும்போது ஒன்று, அடுத்த கியருக்குப் போகும்போது ஒன்று. தப்பினால் பல்சக்கரம் கறகறவென்று அலறும். கார்களில் அந்தத் தொல்லையைத் தீர்த்தது சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு. 1928-ல் கேடிலாக் காரில் வந்தது. இப்போதைய கியர் கார் எல்லாவற்றிலும் இருக்கிறது.

பேச்சோடு பேச்சாக ஒரு நாள் சொன்னார். "புது டிரைவர் ஓட்டறப்ப பழைய டிரைவர் தூங்க மாட்டான். நானும் தூங்குனதில்ல. கண்ணை மூடிட்டு கெடப்பேன், காது முழிச்சிட்டிருக்கும்."

கியர் போட்ட கை

அப்பாவின் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் சின்ன அறுவை சிகிச்சை. பொதுவாக, அதிகம் பயன்படுத்தாத கையில்தான் செய்வார்கள். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிபி பார்க்கக்கூடாது, கனமானதைத் தூக்கக்கூடாது.

நம் நாட்டு வண்டிகளில் கியர் போடுவது இடது கை. டாக்டருக்கு அது அதிகம் பயன்படாத கை. அப்பாவுக்கு 34 வருடம் சோறு போட்ட கை.

ஒரு மாலை மூன்றாவது கியர் எனக்குச் சிக்காமல் தடவிக்கொண்டிருந்தேன். அப்பா தன் இடது கையை நீட்டி, "இங்க தொட்டுப் பாரு" என்றார். ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தேன். தோலுக்கு அடியில் கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. ரத்தம் வேகமாகப் பாய்வதால் வரும் அதிர்வு அது. அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஐடிலிங்ல நிக்கற வண்டி மாதிரி இல்ல?" என்று சிரித்தார். "கியர் ராடையும் இப்படித்தான் தொடோணும். புடிச்சு இழுக்கக்கூடாது. அதிர்ச்சி கைக்குத் தெரியோணும். அது போற வழிக்கு நீ தள்ளு."

அன்றைக்குப் பிறகு மூன்றாவது கியர் தகராறு செய்யவில்லை.

மேட்டில் நின்று எடுப்பதைப் பாலத்து ஏற்றம் ஒன்றில் பழக்கினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஹாஃப் கிளட்சுக்கு வந்து, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, முன்பக்கம் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். வண்டி ஓர் அங்குலம் பின்னால் போகாது. இறக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் நியூட்ரல் கூடாது என்று சத்தியம் வாங்கினார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கிய நண்பர்களைத் தொப்பூர் கணவாயில் இழந்தவர் அவர். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. எல்லாச் சுமையும் பிரேக் மேல் விழும், சூடேறினால் பிரேக்கும் கைவிடும். இப்போதைய கார்களில் அதனால் மிச்சமும் இல்லை. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும்.

40-வது நாள் தேர்வு. முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. நம் ஊர் கார் லைசென்ஸில் கியர், ஆட்டோமேட்டிக் என்ற பிரிவு கிடையாது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு பெற்றவர் கியர் வண்டி எடுக்க முடியாது. மாஸ்டர் சொன்னபோது, நல்லவேளை கஷ்டமானதை முதலில் கற்றோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெப்படை தாண்டி

நானே ஓட்ட ஆரம்பித்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. டயாலிசிஸ் முடிந்து பள்ளிபாளையம் பாலம், நெரிசல் எல்லாம் கடந்து வெப்படை தாண்டியிருப்போம். "கண்ணு, ஓரங்கட்டு" என்றார் அப்பா. குரலில் அவசரமே இல்லை. திரும்பிப் பார்த்தால் இடது முழங்கையிலிருந்து சட்டை வரை ரத்தம். ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி நனைந்து வழிந்தது.

டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதால் சில சமயம் இப்படி ஆகும். நர்ஸ் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார். சுத்தமான பஞ்சுத் துணியை மடித்து, ஊசித் துவாரத்தின் மேலேயே இரண்டு விரலால் அழுத்தினேன். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் பிடித்தோம். கசிவு நிற்கவில்லை. அப்பா தன் வலது கையால் அழுத்திக்கொண்டார். நான் வண்டியைத் திருப்பினேன்.

அந்த 12, 13 கிலோமீட்டரும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கியரை மாத்து என்றோ, ஹாரன் அடி என்றோ, பாத்துப் போ என்றோ எதுவுமில்லை. பள்ளிபாளையத்தில் ஏற்றத்தில் வண்டிகள் நின்றன. எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு லாரி. ஹேண்ட் பிரேக், ஹாஃப் கிளட்ச், முன்பக்கம் தூக்கியது, விட்டேன். கார் பின்னால் போகவில்லை. கை நடுங்கியது உண்மை. கால் நடுங்கவில்லை.

மருத்துவமனையில் அழுத்திக் கட்டி, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். "சீக்கிரம் கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. யார் ஓட்டினது?" என்று கேட்டார் நர்ஸ். "எங்க டிரைவர்" என்றார் அப்பா.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வாடகைக்குப் போன பணத்தில் பெட்ரோல் போக மீதியை அப்பாவின் மருந்துக்கும் என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் எடுத்து வைக்கிறோம். எதிர்வீட்டு அக்கா, 50 வயது, எல்.எல்.ஆர் போட்டிருக்கிறார். அவருக்கும் மனைப்பிரிவு ரோட்டில்தான் வகுப்பு. நான் பக்கத்தில், அப்பா பின் சீட்டில். "ஆக்ஸிலேட்டரைத் தொடாத அம்மிணி" என்ற குரல் தெரு வரை கேட்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டார். "ஆஸ்பத்திரிக்கே போயிட்டிருக்கறமே, பவானி கூடுதுறைக்கு ஒரு நாள் போலாமா?" லாரிக்காரர் மனைவியாக இத்தனை வருடம் வாசலைப் பார்த்தே இருந்தவர். குமாரபாளையம் வழியாகக் கூட்டிப்போனேன். காவிரியில் கால் நனைத்து, சாமி கும்பிட்டு, மதியம் திரும்பினோம்.

நான்குவழிச் சாலையில் ஐந்தாவது கியருக்கு வந்தபோது பக்கத்திலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அம்மா பின்னாலிருந்து, "உங்கப்பன் நெசமாவே தூங்கறாரு" என்றார்.

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.