கிணற்றுக் கல்லிடுக்கில் உடும்பு

‘கிணற்றுச் சுவர்க் கல்லிடுக்கில் உடும்பு ஒன்று குடியிருக்கிறது. கோழி முட்டையைத் தின்கிறது. முட்டைக்குள் மருந்து வைக்கலாமா?’ என்று ஓட்டப்பிடாரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ‘வைக்க வேண்டாம்’ என்று ஒரு வரியில் பதிலை முடித்துவிடலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் ஆவணி மாதம் வல்லநாடு மலையடிவாரத்தில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். நாலைந்து இளவட்டங்கள் பாறை இடுக்கில் புகை போட்டு, ஓர் உடும்பைப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். தோட்டத்துப் பெரியவர், “சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவானுவ” என்றார். “அது வனத்துறை வேலை அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு மண் பையைக் கட்டினேன். அறுத்தபோது வயிறு நிறைய முட்டை. பெரியவர் அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்துதான் உடும்பைக் கவனிக்க ஆரம்பித்தேன். வெயில் ஏறியதும் வெளியே வந்து, பிளந்த நாக்கை நீட்டி மோப்பம் பிடித்தபடி சருகையும் மண்ணையும் கிளறும். வண்டு, புழு, வெட்டுக்கிளி, நத்தை, எலி எல்லாம் அதற்கு உணவு. முட்டை கிடைத்தால் அதையும் விடாது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நாம் காசு கொடுத்து மருந்தடிக்கும் பூச்சிகளில் சிலவற்றை அது கூலி வாங்காமல் தின்றுவிடுகிறது.

எனவே வாசகருக்கு என் யோசனை இதுதான். கோழிக்கூண்டைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை அடியுங்கள். அடிப்பக்கத்தை மண்ணுக்குள் ஓரடி புதையுங்கள். முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மருந்து வைத்த முட்டையை உங்கள் நாயும் தின்னும், கீரியும் தின்னும். உடும்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் கையால் பிடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நகமும் வாலும் பலமானவை. கடித்தாலும் காயம் ஆழமாக இருக்கும்.

உடும்பு எண்ணெய் மூட்டுவலியைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

சட்டம் அன்றைக்கும் இருந்தது. சொல்ல வேண்டிய நான்தான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.