பட்டு இல்லீங்க... 'பட்'!

"லீவுக்கு எங்கேடி போனே?"

"பட் ரிப்பேர் பண்ண திருச்சிக்கு!"

"பட்டுன்னா காஞ்சிபுரம்தானே போகணும்?"

ஐயோ, அது பட்டு இல்லீங்க. துப்பாக்கியை தோள்ல முட்டுக் கொடுத்துப் பிடிப்பாங்களே, அந்த மரக்கட்டை. கடைக்காரங்களுக்கு 'ஸ்டாக்'. மிலிட்டரிக்காரரான எங்கப்பாவுக்கு 'பட்'.

அப்பா ரிட்டயர்டு ஹவில்தார். இப்போ ஒரு வங்கியில் கன்மேன். சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி. இஷாப்பூர் தயாரிப்பு, 12 போர், இரட்டைக் குழல். அந்த வேலைக்குத் துப்பாக்கிதான் சர்டிஃபிகேட். போன மாசம் படியில் கால் இடறி விழுந்தார். அவருக்கு அடி இல்லை. துப்பாக்கிக்குத்தான். ட்ரிக்கருக்குப் பின்னால் மரம் மெலிசாகுமே, அந்தக் கழுத்தில் நீளமா ஒரு விரிசல்.

"பத்து நாள்ல சரி பண்ணுங்க. இல்லைனா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்றது ஏஜென்சி. அப்பா சம்பளம் 16,000. என் செமஸ்டர் ஃபீஸ் வேறு பாக்கி.

முதல் கடையில், "வால்நட் கட்டை வடக்கேயிருந்து வரணும். ரெண்டு மாசம், 15,000 ரூபாய்" என்றார்கள்.

"அதே மாடல் கட்டையை வாங்கி மாட்டிட வேண்டியதுதானே சார்?"

சிரித்தார். மாடல் ஒன்றாக இருந்தாலும், இரும்பு உட்காரும் பள்ளத்தை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால்தான் செதுக்கணுமாம். இரும்பில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் அழுத்தி, கரி ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி... மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு செம பல்பு!

எங்க தெரு ஆசாரி மாமா 500 ரூபாயில் ஒட்டித் தர ரெடி. அப்பா ஒப்புக்கலை.

"லைசென்ஸ் இல்லாதவங்க துப்பாக்கியை ரிப்பேர் பண்ணா, 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம்மா. பாவம், அவரை ஏன் மாட்டி விடணும்?"

"சட்டம் வந்து ஃபீஸ் கட்டுமாப்பா?" கத்திட்டேன். அப்பா பதிலே பேசலை.

ஏழாவது நாள் திருச்சி. ரிப்பேர் லைசென்ஸ் உள்ள ஒரு தாத்தா. விரிசல் பக்கத்தில் நகத்தால் அழுத்தினார். மரம் கறுத்து, நெகிழ்ந்து போயிருந்தது.

"விழுந்தது சாக்குதான் சார். எண்ணெய் குடிச்சு மரம் ஊறிக் கிடக்கு. தொடைச்சிட்டு நிமிர்த்தி வைப்பீங்களா?"

18 வருஷமா ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க வீட்டில் அதுதான் பூஜை. எண்ணெய் போட்டுத் துடைத்து, குழல் மேலே பார்க்க பீரோ ஓரத்தில் சாத்தி வைப்பார் அப்பா. அந்த எண்ணெய் மெள்ள வழிந்து மரத்துக்குள் இறங்கியிருக்கு. அப்பா முகத்தைப் பார்க்க முடியலை.

"புதுசு வேணாம் சார். ரேகை கழுத்து வழியா நேரா ஓடுது, நல்ல மரம். குறுக்கே ஓடியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்" என்றார் தாத்தா. சுண்ணாம்புப் பொடி அப்பி, சூடு காட்டி எண்ணெயை உறிஞ்ச வைத்து, விரிசலில் எபாக்ஸி இறக்கி, உள்ளே பித்தளைக் கம்பி கொடுத்து... மூணு நாள். 2,800 ரூபாய். ரசீதோடு!

பத்தாவது நாள் வாங்கி வரும்போது பஸ்ஸில், "ஸாரிப்பா" என்றேன். "எதுக்கும்மா?" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். அவ்வளவுதான்.

"இனிமே குழல் கீழே, கட்டை மேலே" என்று சொல்லி அனுப்பியிருந்தார் தாத்தா. அன்னிக்கு ராத்திரி பீரோ முன்னால் அப்பா தயங்கி நின்றார். ராணுவத்தில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பது இறந்தவர்களுக்கு மரியாதை செய்யும்போது. 'ஷோக் சஸ்த்ர' என்று கமாண்ட் கொடுப்பார்களாம்.

"மனசு வரலைம்மா..."

பழைய டவலை மடித்துத் தரையில் போட்டேன். குழல் அதில் பதிய மெதுவாகச் சாத்தி வைத்தார். வைத்த கையோடு, பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட்!