ஆரணியில் ஒரு சௌராஷ்டிரா

ஆரணிக்கு ரயிலில் போகிறவர்கள் கவனிக்க! ஸ்டேஷன் பெயர் 'ஆரணி ரோடு'. பெயரிலேயே உஷார்ப்படுத்திவிட்டார்கள். ரோடுதான் கிடைக்கும், ஊர் கிடைக்காது. இறங்கும் இடம் களம்பூர். அப்புறம் பஸ்தான்.

அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன ஊர். அரிசியைச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, தறிச் சத்தம் கேட்ட ஒரு வீட்டில் எட்டிப் பார்த்தேன். குழித்தறியில் அறுபதைத் தாண்டிய பெரியவர். பாவு நீலம், ஊடை பச்சை. சேலையோ இரண்டுமில்லை, மயில்கழுத்து! நீலத்தையும் பச்சையையும் வாளியில் கலக்கினால் ஒரே கலர்தான் மிஞ்சும். தறியில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. துணியை அசைத்தால் ஒரு பக்கம் நீலம் ஜெயிக்கிறது, மறுபக்கம் பச்சை.

அக்ரிலிக் ஓவியர்களுக்கும் இந்த வித்தை தெரியும். அக்ரிலிக் பெயின்ட் தண்ணீரில் கரையும், சட்டென்று காயும். ஆயில் பெயின்ட் மாதிரி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். காய்ந்த கலர்மேல் மெல்லிசாக இன்னொன்றைப் பூசினால், அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும்.

ஆயிலிலிருந்து அக்ரிலிக்குக்கு மாறியவர்களில் எஸ்.எச். ரஸா முக்கியமானவர். 1922-ல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்து, காட்டோரமாக வளர்ந்தவர். அப்பாவுக்கு வன இலாகா வேலை. 1950-ல் பிரான்ஸ் போனவர், சுமார் 60 வருஷம் அங்கேதான். செல்போனில் அவர் படம் ஒன்றைப் பெரியவரிடம் காட்டினேன். மரமில்லை, மனுஷனில்லை. தகிக்கிற சிவப்பும் காவியும் கட்டம் கட்டமாக, கூடவே கறுப்பு வட்டம்.

"இன்னா தம்பி, முந்தானை டிசைனா?"

"பெயின்டிங் ஐயா. 1983-ல போட்டது. பேரு சௌராஷ்டிரா."

பெரியவர் தறியை நிறுத்திவிட்டார். அவர் வீட்டில் பேசுவதே சௌராஷ்டிர பாஷைதான்.

"எங்க முன்னோருங்க அங்கேருந்து நெசவுக்கு வந்தவங்க. நாங்க ஒருத்தரும் அந்த ஊரைப் பாத்ததில்ல. வரைஞ்சவரு அந்த ஊரா?"

"இல்லீங்க. பிரான்ஸ்ல குடியிருந்தவர்."

"தூரத்துல இருந்தா இந்தச் சிவப்புதான் தெரியும்" என்றார். விமர்சகர்கள் இதையே பத்துப் பக்கம் எழுதுவார்கள்.

2010-ல் லண்டன் ஏலத்தில் அது 16 கோடி ரூபாய்க்கு மேல் போனது என்றேன். அளவு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். பரப்பளவில் பார்த்தால் சேலைதான் பெரிசு! பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? ஒரு பேச்சுக்கு, சேலை பத்தாயிரம், மாதம் நாலு என்று வைத்தால், 16 கோடிக்கு 333 வருஷம் நெய்ய வேண்டும். கூலியை வைத்துக் கணக்குப் போட மனசு வரவில்லை.

"ரஸா கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க சேலையில பேர் போடுறதில்லையே?"

"கடைக்காரர் பேரு போடுவாங்க" என்று சிரித்தார். "எனக்கப்புறம் இந்தத் தறியில யாரு உக்காரப் போறா? பையன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனிக்குப் போறான்."

போனை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தார். படத்தை விரலால் தொட்டதும் அது பெரிசாகிவிட, பயந்து கையை எடுத்துவிட்டார்.

"பையன் நம்பர் தரேன். இத்த அவனுக்கு அனுப்பிவுடு தம்பி."