எழுபது வளைவும் ஒரு நடுக்கமும்

கொல்லிமலை ஏறும்போது சோதனை இன்ஜினுக்கு, இறங்கும்போது பிரேக்குக்கு. காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவு! ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, டிக்கியில் பலாப்பழத்தோடு கிளம்புகிறீர்கள். இருபது வளைவு தாண்டினதும், பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது.

"வீல் பேலன்ஸ் பண்ணணும் மாப்ளே" என்பார் பக்கத்து சீட் நண்பர். நம்பாதீர்கள். அந்தக் கோளாறு என்றால், பிரேக்கைத் தொடாமலே நேர் ரோட்டு வேகத்தில் ஆடும். மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்பக்க டிஸ்க். சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்க டிரம்மைப் பார்க்கணும்.

ஊருக்கு வந்ததும், "டிஸ்க் வளைஞ்சு போச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். அவசரப்படாதீர்கள். பல சமயம் அது வளைவதே இல்லை. சூட்டில் பிரேக் பேடின் சரக்கு டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஹப்பில் துரு இருந்தாலும், வீல் நட்டை ஏறுக்குமாறாக முறுக்கியிருந்தாலும் இதே ஆட்டம்தான். டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசல் பிடிப்பதென்றால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகவே கூடாது.

அதெல்லாம் ஊரில். மலையில்? ஏறின கியரிலேயே இறங்குங்கள். காலை பிரேக்கிலேயே ஊன்றாமல் விட்டுவிட்டு மிதியுங்கள். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு வளைவுகூட வேண்டாம்.

ஆறுகிற வரைக்கும் பலாப்பழத்தை அறுக்கலாம். எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காமலிருந்தால் சரி!