தக்காளியும் சிலந்தி வலையும்

"பி.ஏ. எகனாமிக்ஸா? ஏன் அண்ணி, பிள்ளைக்கு வேற படிப்பே கிடைக்கலையா?" என்று என் நாத்தனார் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அதே கவலைதான். என் வீட்டுக்காரரோ, "பேங்க் பரீட்சை எழுதலாம், விடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நான் 1998-ல் பிளஸ் டூ முடித்தவள். அதோடு சரி. பொருளாதாரம் என்றால் பட்ஜெட், வரி, பாங்கி என்று ஏதோ பெரிய மனிதர்கள் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகளுக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனசில் பதியும். சாயங்காலம் நான் அரிவாள்மணையில் காய் நறுக்க, அவள் எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பாள். இந்த மூன்று வருஷத்தில் நானும் பாதிப் பட்டம் வாங்கிவிட்டேன் என்று அவள் கேலி செய்கிறாள்.

முதலில் வந்தது மைக்ரோ. ஒரு குடும்பம், ஒரு கடை எப்படி முடிவு எடுக்கிறது என்று பார்ப்பது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது மேக்ரோ. 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னதும் பயந்துபோனேன். கடைசியில் பார்த்தால், முதல் அதிரசம் தருகிற ருசியை நாலாவது அதிரசம் தராது என்பதுதான் விஷயம்! இதற்கு ஒரு புத்தகமா என்று சிரித்தேன்.

ஆனால் எங்கெல் விதியைச் சொன்ன அன்று சிரிக்கவில்லை. 1857-ல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்னது: வருமானம் குறைந்த குடும்பத்தில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு அதிகம்; வருமானம் ஏற ஏற அந்தப் பங்கு குறையும். நம் நாட்டுக் கிராமங்களில் 1999-2000-ல் செலவாகும் 100 ரூபாயில் 59 ரூபாய் சாப்பாட்டுக்கே போயிற்று. 2022-23-ல் அது 46 ரூபாய். நான் கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவு நோட்டு எழுதுகிறவள். பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கதையும் அப்படியே இருந்தது. பாலுக்கும் அரிசிக்கும் போக மிச்சம் என்ன என்று நான் திணறிய வருஷங்கள் எல்லாம் எண்களாக வரிசையில் நின்றன.

இடையில் ஒரு கண்டம் வந்தது. "கணக்கு வேண்டாம்னுதானே இதை எடுத்தேன்" என்று என் மகள் அழுத நாள் அது. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவள், வணிகக் கணிதம் படிக்கவில்லை. இரண்டாவது செமஸ்டரில் கணித முறைகள் பேப்பரில் அரியர் விழுந்தது. எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்புக் கோட்டுச் சாய்வை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நானும் முட்டி மோதினேன். பிறகு பக்கத்துத் தெருக் கணக்கு டீச்சரிடம் அனுப்பித் தேறினாள். சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்குப் பொருளாதாரத்தில் ஆசை இருந்தால் பிளஸ் டூவிலேயே கணக்கை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.ஏ.வைச் சமாளித்தாலும், எம்.ஏ.வில் எகனாமெட்ரிக்ஸ் என்று ஒன்று காத்திருக்கிறது. புள்ளிவிவரத்தைக் கணக்கால் சோதிக்கிற பகுதி. எம்.ஏ. முடித்தால் மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் எழுதலாமாம்.

மூன்றாம் வருஷம் கிளை கிளையாகப் பிரிகிறது. அரசாங்கத்தின் வரவு செலவுக்குப் பொது நிதி, பிற நாடுகளோடு கொடுக்கல் வாங்கலுக்குப் பன்னாட்டு வாணிபம், இன்னும் தொழிலாளர், சுற்றுச்சூழல் என்று பலது. உடல்நலத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. நம் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தொற்று அபாயம் குறைகிறது. அந்த லாபம் ஊசி போட்டவர் கணக்கில் மட்டும் அடங்காது, அதனால்தான் அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது என்று மகள் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் என்னை உலுக்கியது வேளாண் பொருளியல்தான்.

என் பிறந்த வீடு ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம். நான் பிளஸ் டூ எழுதிய வருஷம் அப்பா ஒன்றரை ஏக்கரிலும் தக்காளி போட்டார். முந்தின வருஷம் நல்ல விலை. "பாதியில் கடலை போடுங்க" என்று அம்மா கெஞ்சினாள், கேட்கவில்லை. காய் சிவந்தபோது ஊரெல்லாம் தக்காளி. 14 கிலோ பெட்டி, பறிப்புக் கூலிக்கும் டெம்போ வாடகைக்கும் கட்டவில்லை. ஒரு நாள் மண்டியிலிருந்து திரும்புகிற வழியில் விற்காத பெட்டிகளை அப்பா ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். நான் காலேஜுக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பம் அலமாரியிலேயே கிடந்தது. அடுத்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பாவின் பிடிவாதத்தால்தான் என் படிப்பு போயிற்று என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மனசுக்குள் ஒரு கசப்பு. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று மகள் ஒப்பித்தது 'சிலந்தி வலைத் தேற்றம்'. போன போகத்து விலையைப் பார்த்து விவசாயி இந்தப் போகம் பயிர் வைக்கிறார். எல்லாரும் அதே விலையைப் பார்த்து அதையே வைக்கிறார்கள். விளைந்து வரும்போது சரக்கு குவிந்து விலை படுத்துவிடுகிறது. பயந்துபோய் மறு போகம் பலரும் விட்டுவிட, தட்டுப்பாடு வந்து விலை ஏறுகிறது. படம் வரைந்தால் கோடு சுற்றிச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வருகிறது. 1934-ல் நிக்கோலஸ் கால்டர் என்ற அறிஞர் வைத்த பெயராம். (நம் நாட்டு வரிகள் பற்றி 1956-ல் அறிக்கை கொடுத்தவரும் இவர்தான்.) இவள் கல்லூரியில் சேர்ந்த 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, நினைவிருக்கிறதா? மழை, பூச்சி என்று வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றும் புதிதில்லை.

நறுக்கின வெங்காயத்தைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் சாக்பீஸால் அந்தப் படத்தைத் தாத்தாவுக்கு வரைந்து காட்டினாள் மகள். அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப, உங்கம்மா படிப்பு நின்னது என் ஒருத்தன் தப்பு மட்டும் இல்லைங்கறயா கண்ணு?" என்றார்.

அவர் மனசிலும் இது இத்தனை வருஷமாகக் கிடந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? காப்பி கலக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். "சரி, இந்தப் போகம் எதைப் போடறதுன்னு உன் புத்தகத்துல இருக்கா?" என்று அப்பா கேட்பதும், பதில் தெரியாமல் அவள் சிரித்து மழுப்புவதும் அடுப்படி வரை கேட்டது.